பிரிந்து வந்த பிறகு எந்த ஊரில் வீடு எடுப்பது? ஹட்டன் பக்கத்து நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் குடும்பம் ஒரே வீட்டின் கதை அல்ல. இலங்கை மலைநாட்டின் நோர்வூட், ஹட்டன், கொட்டகலை பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களைச் சேர்த்து ஒரு குடும்பமாக அமைத்திருக்கிறோம். வாடகை, வருமானத் தொகைகள் அந்தக் குடும்பத்துக்காக வைத்த கணக்கு. ஊர், வழி, சட்டம், அலுவலக நடைமுறை எல்லாம் உள்ளபடியே.

நிலவரம்

பெண்ணுக்கு 36 வயது. ஹட்டன் நகரில் புடவைக் கடையொன்றில் வேலை. ஓவர்டைமோடு மாதம் கைக்கு 45,000 ரூபா. மகள் எட்டாம் வகுப்பு. மகன் அடுத்த வருடம் முதலாம் வகுப்பு. இளைப்பு உள்ள பிள்ளை. கணவரின் தோட்டம் நோர்வூட்டைத் தாண்டி மஸ்கெலியா ரோட்டில். லயத்து வீடு (தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடு) மாமியார் காலத்தது. இப்போது கொழுந்தன் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்வதால் அந்த வீடு குடும்பத்திடம் நிற்கிறது. பதினாலு வருடம் அங்கே குடித்தனம் நடத்திய இவருக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை.

குடியும் அடியும் காரணம். ஒரு முறைப்பாடு முன்பே உண்டு. தோட்டத் தலைவர் வந்து சமாதானம் பேசி முடித்தது இன்னொன்று. இந்த முறை பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கு, பொகவந்தலாவைக்கு, வந்துவிட்டார். தாய் வீடு என்றால் அண்ணன் வீடு: ஒரு காம்பரா, இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்த ஓர் அறை, பின்னால் குசினி. அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், அம்மா. இப்போது இவர்கள் மூவர். ஒன்பது பேர்.

“இங்கேயே இரு, யாரு என்ன சொல்லப் போறா” என்று அண்ணன் மனமாரத்தான் சொன்னார். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் மூன்று மாதத்துக்கு மேல் தங்கியவர்கள் பெரும்பாலும் சண்டை போட்டுக்கொண்டுதான் வெளியேறுகிறார்கள். பிறகு அவசரத்துக்கு உதவும் ஒரே வீடும் இல்லாமல் போகிறது. அதனால் முதலில் தீர்மானித்தது நாள்: பள்ளித் தவணை முடிவதற்குள் தனி வீடு.

வீடு தேடும் முன் செய்தவை

லயத்தை விட்டு வரும்போது கையில் இருந்தது அடையாள அட்டையும் மகனின் கிளினிக் கொப்பியும் மட்டும். மற்றவை இரண்டாம் கட்டமாக வந்தன: விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், மகளின் தேர்ச்சி அறிக்கை, வங்கிப் புத்தகம். சான்றிதழ்களைப் பறித்து வைத்துக்கொண்டு “முடிஞ்சா வந்து வாங்கிக்க” என்பது வழக்கமான மிரட்டல். அதற்காக மறுபடி அந்த வீட்டுப் படி ஏற வேண்டாம். பிறப்பு, விவாகப் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பொலிஸ். வந்த அன்றே முறைப்பாடு பதிய வேண்டும்; முறைப்பாட்டின் திகதியையும் இலக்கத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். காரணம் விவாகரத்துச் சட்டத்தில் இருக்கிறது. மலையகத் தமிழரான நம்மவர்களின் திருமணங்கள் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: பிறர்மனை உறவு, வஞ்சகமாகக் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. பெண் வீட்டை விட்டு வந்துவிட்டால் “அவள்தான் கைவிட்டுப் போனாள்” என்று கணவர் தரப்பு சொல்ல இடமுண்டு. அடி தாங்காமல் வந்தேன் என்பதற்கு அன்றைய திகதியிட்ட முறைப்பாடும் வைத்தியசாலைத் துண்டும்தான் பதில். பல அரச வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ என்ற பெயரில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. காயம் சிறிதென்றாலும் அங்கே பதிவது பின்னால் உதவும். பேச ஆளில்லாதபோது பெண்களுக்கான 1938, பிள்ளைகள் விடயத்தில் 1929.

வன்முறை தொடரும் பயம் இருந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்துக்குரிய நீதிமன்றமே போதும். கட்டளை 12 மாதம் வரை நிற்கும். ஊர் தேடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கட்டளையில் வீடு, வேலைத்தலம் என்று இடங்களைக் குறித்துக் கேட்கலாம். ஆனால் புது வீட்டின் விலாசத்தை மனுவில் எழுதினால் அது எதிராளி கைக்கும் போகும். விலாசம் தெரியக்கூடாது என்றால் மனு எழுதும் முன்பே சட்டத்தரணியிடம் சொல்லிவிட வேண்டும். இவருடைய மனுவில் அண்ணன் வீட்டு விலாசமும் கடை விலாசமும் மட்டும் இருந்தன.

கையில் இருந்த ஊர்கள்

ஏழு தெரிவுகள் பேசப்பட்டன. இரண்டை உடனே தள்ளியாயிற்று. கொழும்புக்குப் போய் வேலை பார்த்துக்கொண்டு பிள்ளைகளை அம்மாவிடம் விடுவது ஒன்று: பிள்ளைகள் யாருடைய பொறுப்பில் இருக்கிறார்கள் என்ற கேள்வி நாளை நீதிமன்றத்தில் வரும்போது தாய் அவ்வளவு தூரத்தில் இருப்பது நல்லதல்ல. மற்றது பொகவந்தலாவையிலேயே தங்குவது. வாடகை இல்லை, ஆனால் கடைக்குப் போக வர தினம் இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல். தோட்டத்தில் ஆள் கூடினால் “பேர் போடுறதா, இல்லையா” என்று, தோட்ட வேலைக்குப் பதிவதைப் பற்றிய கேள்வியும் வரும். அண்ணன் வீட்டு உரிமையோ அண்ணனின் வேலையில் தொங்குகிறது.

நாவலப்பிட்டியைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. உயரம் குறைவு, குளிர் குறைவு, பெரிய வைத்தியசாலை, தமிழ்ப் பாடசாலைகள், ரயில். இளைப்புப் பிள்ளைக்கு அந்த வெக்கை நல்லது என்று பலர் சொன்னார்கள். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் தென்மேல் பருவமழை மலையின் மேற்குப் பக்கம் முழுவதையும் நனைக்கிறது. நாவலப்பிட்டியும் அதற்குத் தப்பாது. குளிர் குறையும், ஈரம் குறையாது. அத்தோடு ஹட்டன் வேலையை விட வேண்டும். பிரிந்த முதல் வருடத்தில் ஊர், வேலை, பாடசாலை மூன்றையும் ஒன்றாக மாற்றுவதை நாம் யாருக்கும் சொல்வதில்லை. மூன்றில் ஒன்றாவது பழையபடி நிற்க வேண்டும், அது சம்பளம் வரும் வேலையாக இருப்பதே நல்லது. தலவாக்கலையும் இதே தட்டில்தான்: வாடகை கொஞ்சம் இறங்கும், கடை மூடி வீடு சேர இரவு எட்டு தாண்டும்.

எஞ்சியவை ஹட்டன் நகரம், டிக்கோயா, கொட்டகலை.

டிக்கோயா முதல் பார்வைக்கு எல்லாவற்றிலும் பொருத்தம். நகரத்திலிருந்து நான்கைந்து கிலோமீற்றர். கிளங்கன் ஆதார வைத்தியசாலை அங்கேயே. இந்திய உதவியில் கட்டி 2017 மே மாதம் திறந்த 150 கட்டில் கட்டடம். இரவில் பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் ஆட்டோவில் பத்து நிமிடம். வாடகையும் நகரத்தைவிடக் குறைவு. பாதிப் பேர் இங்கேயே முடிவெடுத்துவிடுவார்கள்.

ஆனால் பஸ் எந்த வழியில் போகிறது என்று பார்க்க வேண்டும். நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஹட்டனுக்கு வரும் பஸ் அத்தனையும் டிக்கோயா வழியாகத்தான் வருகின்றன. கணவரின் தோட்டத்திலிருந்து சம்பளத்துக்கு, சந்தைக்கு, கச்சேரி வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் அந்த ரோட்டில் போகிறவர்கள். மகள் பள்ளி விட்டு நிற்கும் பஸ் தரிப்பில் மாமியாரின் தங்கை ஜன்னல் வழியாகப் பார்ப்பார். மாலைக்குள் செய்தி லயம் சேரும். பிரிந்தவர்கள் வீடு தேடும்போது தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்கிறார்கள். மலைநாட்டில் அளக்க வேண்டியது பஸ் வழியை. நேர்கோட்டில் மூன்று கிலோமீற்றரில் இருக்கும் தோட்டம் வேறு ரோட்டில் இருந்தால் அது வேறு ஊர். இருபது கிலோமீற்றரில் இருந்தாலும் ஒரே ரோட்டில் இருந்தால் பக்கத்து வீடு.

கொட்டகலை ஹட்டனுக்கு மறுபக்கம், நுவரெலியா ரோட்டில், ஐந்தாறு கிலோமீற்றர். நோர்வூட் பஸ் அந்தப் பக்கம் போவதில்லை. ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நுவரெலியா போகும் பஸ் எல்லாம் கொட்டகலையில் நிற்கும் என்பதால் காத்திருப்பு குறைவு. ரயிலும் உண்டு, சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன். ஆனால் கடை நேரத்துக்கு ரயிலை நம்ப முடியாது. பிரதேச வைத்தியசாலை, தமிழ்ப் பாடசாலைகள், வங்கி, சந்தை எல்லாம் நடை தூரத்தில். ஊரில் பெரும்பான்மை தமிழர். கடையிலும் அலுவலகத்திலும் மொழிச் சிக்கல் இல்லை.

கணக்கையும் போட்டுப் பார்த்தார்கள். நகரத்தில் கடைக்குப் பின்னால் ஓர் அறை, குசினி: 22,000 வாடகை, ஆறு மாத முற்பணம் 132,000. கொட்டகலையில் இரண்டு அறை: 14,000, மூன்று மாத முற்பணம் 42,000. பஸ்ஸுக்கு மாதம் சுமார் 2,500, பிந்திய நாட்களில் ஆட்டோவுக்கு 1,000 என்று வைத்தாலும் 17,500. மாதம் 4,500 மிச்சம். அதைவிடப் பெரிய விடயம் முற்பணத்தில் இருக்கும் 90,000 வித்தியாசம். அந்தப் பணம் அவரிடம் இல்லை, நகை அடகு வைத்துத்தான் புரட்ட வேண்டும். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்குப் போகும் வீட்டை ஒற்றைச் சம்பளத்தில் எடுக்கக்கூடாது என்பது நமது கருத்து. 22,000 என்பது ஏறத்தாழப் பாதி.

வீடு பார்த்த விதம்

கொட்டகலையில் நான்கு வீடுகள் பார்த்தார்கள். பார்த்த மாதம் ஆடி. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள்; அதனால் காலியாக நிற்கும் வீட்டுக்காரர் வாடகையில் இறங்கி வருவார். மழையும் அந்த மாதத்தில்தான் கொட்டும். ஈரத்தைப் பார்க்க அதைவிட நல்ல மாதம் இல்லை. பேசி முடித்துவிட்டு ஆவணியில் குடியேறினால் அம்மாவின் மனமும் நிறையும்.

முதல் வீடு புதுப் பெயின்ட். மழைக் காலத்தில் புதிதாக பெயின்ட் அடித்த சுவரை நம்பக்கூடாது. சுவரின் அடிப்பக்கம் இரண்டடிக்குள் உள்ளங்கையை வைத்து எண்ணி ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். ஈரச் சுவர் கையில் சில்லென்று ஒட்டும். அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னபோது வீட்டுக்காரர் தயங்கினார். பின்னால் கறுப்புப் புள்ளிகள். இளைப்புப் பிள்ளைக்கு அது ஆகாது.

இரண்டாம் வீடு எல்லோருக்கும் பிடித்தது. வெயில் விழும் முற்றம், தனி மலசலகூடம், வாடகை 12,000. பின்பக்கம் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மண்மேட்டை நேராக வெட்டி வீட்டைச் செருகியிருந்தார்கள். மேடு பத்தடி உயரம். சுவருக்கும் மேட்டுக்கும் இடையில் ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கும் அளவு. தாங்கு சுவர் இல்லை, மேலே மழைநீர் ஓட கான் இல்லை, அடியில் ஓரிடத்தில் ஊற்று மாதிரி தண்ணீர் கசிந்தது. மேட்டு விளிம்பில் நின்ற சவுக்கு மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்ததும் நினைவிருக்கும் எவரும் இதைக் கடந்து போகக்கூடாது.

கேட்க வேண்டிய கேள்விகள் நேரடியானவை. டித்வா மழையில் இந்த வீட்டிலிருந்து ஆட்களை வெளியேற்றினார்களா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவன அதிகாரிகள் வந்து பார்த்தார்களா, கடிதம் உண்டா? வீட்டுக்காரர் சொல்லாவிட்டால் கிராம உத்தியோகத்தர் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா அதற்கு முன்பே சொல்லிவிடுவார். கதவு நிலையின் மூலையிலிருந்து குறுக்காக ஓடும் வெடிப்பு, திடீரென இறுகும் கதவு, முற்றத்தில் புதிதாகப் பிளந்த கோடு, தெளிவாக ஓடிய பீலித் தண்ணீர் கலங்குவது: இவை எல்லாம் மண் நகர்வதன் அடையாளம். மண்சரிவு எச்சரிக்கை அளவுகளையும் தெரிந்துகொள்ளலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால் வெளியேற்றம். ஆண் துணை இல்லாத வீட்டில் நடு இரவில் இரண்டு பிள்ளைகளோடு வெளியேறுவது எவ்வளவு சிரமம் என்பதை வாடகைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2,000 ரூபா மிச்சத்துக்கு இந்த வீடு வேண்டாம் என்று விட்டார்கள்.

மூன்றாம் வீட்டில் மலசலகூடம் வெளியே, பக்கத்து அறையில் தங்கியிருந்த மூன்று வேலைப் பையன்களோடு பொது. பதின்மூன்று வயது மகள் இருக்கும் வீட்டுக்கு அது ஒன்றே போதும். உள்ளே போகாமலே திரும்பினார்கள்.

நான்காவது, வீட்டுக்காரர் குடும்பம் மேலே, வாடகை வீடு கீழே. தனி வாசல், தனி மலசலகூடம், பின்னால் மேடு இல்லை, காலை வெயில் ஒரு ஜன்னலில் விழுகிறது. அதைப் பகலில் ஒரு முறை, இரவு ஏழரைக்கு ஒரு முறை பார்த்தார்கள். இரவுப் பார்வையைத் தவிர்க்கக்கூடாது. கடை மூடி இறங்கும் பஸ் தரிப்பிலிருந்து வீட்டு வாசல் வரை நடந்து, எத்தனை விளக்கு எரிகிறது, சாராயக் கடை எந்தப் பக்கம், ஆட்டோத் தரிப்பில் எத்தனை மணி வரை ஆள் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே நடை ஏழு நிமிடம். கடைசி இருநூறு யார் தேயிலை ஓரம், விளக்கு இல்லை. (தேயிலை ஓரத்தில் மனிதரைவிடச் சிறுத்தைக்குத்தான் பயம் என்று அக்கம்பக்கம் சிரித்தார்கள். அந்தத் தெருவில் வளர்ப்பு நாய்களை இருட்டியதும் உள்ளே எடுத்துவிடுவது உண்மை.) டோர்ச் லைட், தெரிந்த ஓர் ஆட்டோ அண்ணனின் இலக்கம் என்று அது சமாளிக்கக்கூடிய குறையாக முடிந்தது.

தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டியது மழையில் அல்ல, பெப்ரவரி–மார்ச்சைப் பற்றி. அப்போது குழாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், தாங்கி யாருடையது, மேல் வீடு நிறைந்த பிறகுதான் கீழே இறங்குமா.

“வீட்டுக்காரர் எங்க?”

வாடகைக்குப் போகும் பெண்ணிடம் வரும் முதல் கேள்வி இது; கணவரைத்தான் கேட்கிறார்கள். “கொழும்பில் வேலை” என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லக்கூடாது. மூன்றாம் மாதம் உண்மை தெரியும். அதைவிட மோசம், கணவர் வந்து “நான்தான் புருஷன்” என்றால் வீட்டுக்காரர் கதவைத் திறந்து விடுவார். இவர் சொன்னது இரண்டு வாக்கியம்: “நாங்க பிரிஞ்சிருக்கோம், கேஸ் போட்டிருக்கு. அவர் வந்தா உள்ள விட வேணாம், எனக்கு ஒரு கோல் எடுங்க.” கதை சொல்லவில்லை, அழவில்லை. கடை முதலாளியின் மனைவி ஒரு வார்த்தை சொன்னது பெரிய உதவி. மலைநாட்டில் வாடகை வீடு இன்னும் ஆள் சொல்லித்தான் கிடைக்கிறது. வீட்டுக்காரம்மா யோசித்துவிட்டு, “ஆம்பள வராத வீடா இருந்தா எனக்கும் நிம்மதிதான்” என்றார். அந்த வாக்கியத்தில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. அண்ணன் வந்து தங்குவதையும் முதலிலேயே சொல்லி வைத்தது புத்தி.

ஒப்பந்தமும் விலாசமும்

வீட்டுக்காரர் நீட்டியது கடையில் வாங்கிய ஒரு படிவம்: ஒரு வருடம், இரண்டு சாட்சி. மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் தாளில் ‘ஒரு வருடம்’ என்றிருந்தாலும் நடைமுறையில் அது மாதத்துக்கு மாதம் ஓடும் வாடகைதான். நொத்தாரிசுச் செலவை இரண்டு தரப்பும் பாதி பாதி ஏற்றன. எழுதச் சொன்ன விடயங்கள்: முற்பணம் கடைசியில் திரும்ப வருமா, வாடகையில் கழியுமா, வாடகைக்காரர் பெண் ஒருவர் மட்டும், கணவரின் பெயர் எங்கும் இல்லை, மின் உப மீற்றரின் தொடக்க எண், வதிவிடக் கடிதத்துக்கும் வாக்காளர் பதிவுக்கும் வீட்டுக்காரர் சம்மதம்.

கடைசி விடயத்தில்தான் இழுபறி. “ஓட்டு லிஸ்டில பேர் போட்டா வீட்டைப் பிடிச்சுக்குவாங்க” என்ற பயம் மலைநாட்டு நகரங்களில் பரவலாக இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது வீட்டு உரிமை தராது. முடிவுத் திகதியிட்ட நொத்தாரிசு ஒப்பந்தம் வீட்டுக்காரருக்குத்தான் பாதுகாப்பு. நொத்தாரிசு வாயால் அதைக் கேட்ட பிறகே சம்மதித்தார்.

இதற்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும்? லயத்துக்குப் பெரும்பாலும் தனி வீட்டிலக்கம் கிடையாது. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும், ஒப்பீஸில் கிடக்கும், யார் கையிலோ வந்து சேரும். நீதிமன்ற அறிவித்தல் அந்த வழியில் வந்தால் திகதி கடந்துவிடும்; புருஷன் வீட்டு லய விலாசத்துக்கு வந்தால் வரவே வராது. பிரிந்து வந்த பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு விலாசம் என்பது பாடசாலை, வங்கி, அஸ்வெசும (அரச நிவாரணக் கொடுப்பனவு), நீதிமன்றம் அனைத்துக்கும் முதல் திறப்பு. அதைத் தராத வீடு இலவசமாகக் கிடைத்தாலும் விலை கூடியது. நகரத்து அறையின் சொந்தக்காரர் வாடகைச் சிட்டையே தர மாட்டேன் என்றார். கணக்கு ஒத்துவந்திருந்தாலும் அதை விட்டிருக்க வேண்டும்.

குடியேறிய வாரத்திலேயே கிராம உத்தியோகத்தரைப் பார்த்தார்: ஒப்பந்தப் பிரதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பழைய பிரிவு உத்தியோகத்தரின் கடிதம். அந்தப் பழைய கடிதத்துக்காகப் புருஷன் ஊர்ப் பக்கம் போக வேண்டியிருந்தது. அண்ணனைக் கூட்டிக்கொண்டு, வேலை நாள் காலையில் போய் வந்தார். கணவரின் தோட்டம் இருக்கும் பிரதேச செயலகப் பிரிவில் கொட்டகலை இல்லை என்பதால் அஸ்வெசும கோப்பும் ஒரு செயலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும். அந்தக் கொடுப்பனவு குடும்ப அலகுக்கு வருவது. மாமியார் வீட்டு அலகில் இவரும் பிள்ளைகளும் எண்ணப்பட்டிருந்தார்கள். பெயரை அங்கிருந்து எடுத்து இங்கே புது அலகாகப் பதிய முறையீடு கொடுத்தார். பொலிஸ் நிலையத்தில் குடியிருப்போர் விபரப் படிவமும் கொடுத்தார். அதன் முத்திரையிட்ட பிரதி வதிவிடத்துக்கு இன்னொரு சாட்சி.

இழப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தோட்டங்களில் காணியும் தனி வீடும் கொடுக்கும் திட்டங்கள் அங்கே குடியிருக்கும் குடும்பங்களுக்கே. லயத்தை விட்டு வந்தவர் அந்த வரிசையை விட்டும் வருகிறார். பட்டியலில் முன்பே பெயர் ஏறியிருந்தால் அதன் பிரதியை எடுத்து வைத்து, வீடு இருவர் பெயரிலும் வர வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும். இவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பாடசாலை

மகளை ஆண்டு நடுவில் சேர்ப்பது வகுப்பில் இடம் இருப்பதைப் பொறுத்தது. விடுகைப் பத்திரம் எடுக்கும் முன்பே புது அதிபரிடம் இடம் உண்டு என்று உறுதி பெற வேண்டும். தலைகீழாகச் செய்து பிள்ளையை வீட்டில் இருத்தியவர்கள் உண்டு. தகப்பனின் கையெழுத்தைக் கேட்கும் அதிபர்களும் உண்டு. வழக்கு இலக்கத்தையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் காட்டியபோது இங்கே அது தீர்ந்தது.

மகனின் முதலாம் வகுப்புக்குச் சிந்தனை தேவைப்பட்டது. ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியானால் தகுதி. விண்ணப்பம் வழக்கமாக முந்தைய ஆண்டின் நடுப்பகுதியில். போட்டியுள்ள பாடசாலைகளில் பாதி இடம் அருகே வசிப்பவர்களுக்கு. புள்ளியில் கணிசமான பங்கு வாக்காளர் பட்டியலில் பல வருடமாகப் பெயர் இருப்பதற்குப் போகிறது. நேற்று வந்தவருக்கு அந்தப் புள்ளி கிடைக்காது. சகோதரர் படிக்கும் பாடசாலைக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதனால் மகளுக்கு ஆரம்பப் பிரிவும் உள்ள கலவன் பாடசாலையைத் தேர்ந்தார்கள். பெயர்பெற்ற பெண்கள் பாடசாலைக்கு ஆசைப்பட்டிருந்தால் தம்பிக்கு அந்த வழி அடைபட்டிருக்கும்.

பிள்ளையை யார் கூட்டிப் போகலாம் என்று இரண்டு பெயர் எழுதி வகுப்பாசிரியரிடமும் முன்பள்ளியிலும் கொடுத்தார். தகப்பன் பிள்ளைகளைச் சந்திக்கும் இடம் வீடு அல்ல; மாதம் இரண்டு ஞாயிறு, ஹட்டனில், அண்ணன் முன்னிலையில். கொட்டகலை இதற்கும் அளவான தூரம்.

பிறகு பிழைத்தவை

முதல் மாதக் கரண்ட் பில். இவர் உப மீற்றரில் 45 யூனிட், மேல் வீடு 70. பில் 115க்கு வந்தது. 60 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்குக் கட்டண வகையே வேறு, முதல் யூனிட்டிலிருந்தே விலை கூடும். தனி மீற்றராக இருந்தால் இவர் கீழ் வகையில் நின்றிருப்பார். வீட்டுக்காரர் உச்ச யூனிட் விலையில் 45ஐப் பெருக்கிக் கேட்டார். மொத்த பில்லை யூனிட் விகிதப்படி பிரிப்பது என்று முடிந்தது; ஒவ்வொரு மாதமும் இரண்டு மீற்றரையும் போனில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஒப்பந்தத்தில் எண்ணை எழுதியவர்கள் பிரிக்கும் முறையை எழுத மறந்திருந்தார்கள்.

இரண்டாவது, மாலை நேரம். பள்ளி ஒன்றரைக்கு விடும், கடை ஏழுக்கு மூடும். அம்மா வார நாட்களில் வந்து தங்குவது என்று ஏற்பாடு. ஆனால் அம்மா அண்ணன் வீட்டுக்கும் தேவை; அண்ணி கொழுந்துக்குப் போக, சின்னவனைப் பார்ப்பவர் அவர்தான். அம்மாவின் பிரஷர் கிளினிக்கும் பொகவந்தலாவையில். கிளினிக்கைக் கொப்பியோடு கொட்டகலை வைத்தியசாலைக்கு மாற்றிய பிறகு ஒரு பாதி தீர்ந்தது. மறுபாதி, மாதம் 5,000 அண்ணன் வீட்டுக்குக் கொடுப்பதாக முடிந்தது. வாடகை வித்தியாசத்தில் மிஞ்சிய 4,500 இங்கே போயிற்று.

மூன்றாவது, பராமரிப்புப் பணம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்கும் தனக்கும் கேட்டிருக்கிறார்; விவாகரத்து முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை, அது மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்கு. சம்பளத்திலிருந்து நேராகக் கழிக்கக் கட்டளையிட நீதிமன்றத்தால் முடியும். ஆனால் கணவர் கொழும்புக்கும் தோட்டத்துக்குமாக நாட்சம்பள வேலை. கழிக்க நிலையான தொழில்தருநர் இல்லை. முதல் தவணை வந்தது, இரண்டாவது வரவில்லை. அந்தப் பணத்தை வரவில் சேர்க்காமல் 45,000ஐ மட்டும் வைத்து வீடு எடுத்ததால் வாடகை பிந்தவில்லை.

டிசம்பரில் மகனுக்கு இரண்டு முறை இளைப்பு வந்தது. சுவர் காய்ந்த சுவர்தான். மேல் வீட்டு விறகடுப்புப் புகை ஜன்னல் வழியாக இறங்கியது. காலை ஐந்தரை முதல் ஏழு வரை அந்த ஜன்னலை மூடி வைக்கிறார்கள். அடுத்த ஆவணியில் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கும்போது புகைக்குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்துவதையும் கரண்ட் பில் பிரிக்கும் முறையையும் எழுதச் சொல்லி, இந்த வருட வாக்காளர் படிவத்தில் தன் பெயர் ஏறியிருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் இப்போது பாக்கி.